பலாலிக்கு வரும் பிளேன் இப்ப எவடத்தில நிக்குது?

பலாலி விமான நிலையத்துக்கு வெளியே, ஆட்களைக் கூட்டிப்போக வந்து நிற்பவர்களில் பாதிப்பேர் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். திரையில் ஒரு வரைபடம். அதில் சின்னதாக ஒரு மஞ்சள் விமானம் சென்னையிலிருந்து தெற்கே மெல்ல ஊர்ந்து வரும். போன முறை நான் அங்கே நின்றபோது, பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் ஓர் இளைஞனிடம் கேட்டார்.

"தம்பி, பிளேன் இப்ப எவடத்தில நிக்குது?"

"கோடியக்கரையத் தாண்டிட்டுது ஐயா. கெதியா வந்திடும்."

"உது உந்தப் போனுக்கு எப்பிடித் தெரியும்?"

"சட்டலைட்டில இருந்து பாக்கிறாங்கள் ஐயா."

பெரியவர் தலையாட்டிவிட்டு வானத்தை அண்ணாந்து பார்த்தார். அந்தத் தம்பி சொன்னதைத்தான் பெரும்பாலானோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்: மேலே ஒரு செய்மதி, அதில் ஒரு கமெரா, அது விமானங்களைக் கண்கொட்டாமல் பார்க்கிறது என்று. இந்த வேலையில் எந்தச் செய்மதியும் விமானத்தைப் பார்ப்பதில்லை. தான் இருக்கும் இடத்தை விமானமே சொல்கிறது. செய்மதிகளுக்கு இதில் இரண்டு வேலைகள் உண்டு. அந்த இரண்டையும் செய்பவை வேறு வேறு செய்மதிகள். இதைப் பிரித்துப் புரிந்துகொண்டால், பல நாடுகள் தங்கள் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டை ஏன் இந்த முறைக்கு மாற்றுகின்றன, அதில் எங்கே சிக்கல் வருகிறது என்பதெல்லாம் தானாக விளங்கும்.

முதலில் ராடர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வளர்ந்த கருவி அது. பலாலி ஓடுபாதையைப் பிரித்தானிய விமானப்படை அமைத்ததும் அதே போர்க் காலத்தில்தான். ராடர் வானொலி அலையை வீசும். விமானத்தின் உடலில் பட்டுத் திரும்பும் அலையை வைத்து, எந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில் ஏதோ ஒன்று பறக்கிறது என்று கண்டுபிடிக்கும். இருட்டில் டோர்ச் அடித்துப் பார்ப்பது போல. ஆனால் அது யாருடைய விமானம், எந்த உயரத்தில் பறக்கிறது என்பது சாதாரண ராடருக்குத் தெரியாது. அதனால் அடுத்த வகை வந்தது. அது விமானத்தைப் பார்த்து "நீ யார்? எவ்வளவு உயரம்?" என்று ஒரு கேள்வியை அனுப்பும். விமானத்தில் இருக்கும் ட்ரான்ஸ்பொண்டர் என்ற பெட்டி அதற்குப் பதில் சொல்லும். இன்றும் உலகின் பெரும்பாலான கட்டுப்பாட்டு நிலையங்களுக்கு முதுகெலும்பு இதுதான்.

ராடரின் அன்ரெனா சுழன்றுகொண்டே இருக்கும். ஒரு சுற்றுக்கு 4 முதல் 12 செக்கன்கள் வரை ஆகும். விலை அதிகம், பராமரிப்பும் அதிகம். எல்லாவற்றையும்விடப் பெரிய தடை, பூமி உருண்டையாக இருப்பது. வானொலி அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். தூரம் கூடக்கூட, தாழப் பறக்கும் விமானம் பூமியின் வளைவுக்குக் கீழே மறைந்துவிடும்.

எங்கள் ஊரை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இலங்கையின் மிக உயர்ந்த மலை பீதுருதலாகலை, 2,524 மீற்றர். அதன் உச்சியில் ஒரு நல்ல ராடரை வைப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அங்கிருந்து வானொலி அலைக்கு எட்டும் அடிவானம் ஏறக்குறைய 207 கிலோமீற்றர். 300 மீற்றர் உயரத்தில் இறங்கிக்கொண்டிருக்கும் விமானத்துக்கு அதன் பங்காக ஏறக்குறைய 71 கிலோமீற்றர் உண்டு. இரண்டையும் கூட்டினால் 278. ஆனால் அந்த மலையிலிருந்து பலாலி 300 கிலோமீற்றருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஆக, நாட்டின் உச்சியிலேயே ராடரை வைத்தாலும், பலாலியில் தரையிறங்கப் போகும் விமானம் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். உயரப் பறப்பவை தெரியும், தாழ வருபவை தெரியாது. வடக்கில் தாழ வருபவற்றைப் பார்க்க வடக்கில்தான் ஒரு கருவி வேண்டும்.

சரி, இப்போது புதிய முறைக்கு வருவோம். அதன் பெயர் ஏ.டி.எஸ்-பி. பெயரைத் தமிழில் விரித்தால் "தானாக இயங்கும், விமானத்தைச் சார்ந்த, ஒலிபரப்பு வழிக் கண்காணிப்பு". கேட்டால் தலை சுற்றும். யாழ்ப்பாணத்தவர்களுக்கு இதைச் சொல்ல வேறு வழி இருக்கிறது.

வாடைக்காற்றுக் காலத்தில் பட்டம் விடுகிறோம். பெரிய பட்டத்துக்கு விண் பூட்டுவோம். வில்லில் இழுத்துக் கட்டிய அந்த நார் காற்றுப் பட்டதும் கூவத் தொடங்கும். பட்டத்தை ஏற்றி, கயிற்றைப் பனையிலோ வேப்பமரத்திலோ கட்டிவிட்டுப் படுத்தால், விடிய விடிய அது கூவும். இருட்டில் பட்டம் கண்ணுக்குத் தெரியாது. யாரும் டோர்ச் அடித்துத் தேடுவதும் இல்லை. கூவலைக் கேட்டே இன்னாருடைய பட்டம், இந்தப் பக்கம் நிற்கிறது, இன்னும் விழவில்லை என்று பாயில் படுத்தபடி சொல்லிவிடுவார்கள். ஏ.டி.எஸ்-பி என்பது விமானத்துக்குப் பூட்டிய விண். யாரும் கேட்காமலே, யார் கேட்கிறார்கள் என்று தெரியாமலே, விமானம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டு பறக்கிறது.

என்ன சொல்கிறது? 1090 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் சின்னச் சின்னச் செய்திகள் போகும். ஒவ்வொன்றும் 112 பிட், அதாவது 0 அல்லது 1 ஆன 112 இலக்கங்கள். ஒன்றை அனுப்ப ஒரு செக்கனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் ஆகும். இடத்தை ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய இரண்டு தடவை சொல்லும். வேகத்தையும் திசையையும் அதே அளவு. பெயரை, அதாவது பறப்பு இலக்கத்தை, ஐந்து செக்கனுக்கு ஒரு தடவை. ஒவ்வொரு செய்தியின் முன்பகுதியிலும் அந்த விமானத்துக்கு மட்டுமே உரிய 24 பிட் முகவரி இருக்கும். முகவரிகளை நாடு நாடாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். பதினாறின் அடிமானத்தில் எழுதினால், இலங்கையில் பதிவான விமானங்களின் முகவரி 770 என்று தொடங்கும். இந்தியாவினுடையது 8 என்று தொடங்கும்.

இந்தச் செய்திக்குள் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுட்பம் இருக்கிறது. அகலாங்குக்கு 17 பிட், நெட்டாங்குக்கு 17 பிட் மட்டுமே இடம். முழு உலகத்திலும் ஓர் இடத்தைச் சில மீற்றர் துல்லியத்தில் சொல்ல அது போதாது. அதனால் உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்குள் எங்கே நிற்கிறேன் என்பதை மட்டும் விமானம் சொல்லும். வீட்டிலக்கத்தைச் சொல்லிவிட்டு ஊரைச் சொல்லாமல் விடுவது போல. அப்போ ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு செய்தியில் ஒரு வகைக் கட்டம், அடுத்த செய்தியில் சற்றே அளவு மாறிய இன்னொரு வகைக் கட்டம் என்று மாறி மாறி அனுப்பும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டு வீட்டிலக்கமும் பொருந்துகிற ஊர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். இவ்வளவு சிறிய செய்திக்குள் இவ்வளவு துல்லியம் வந்தது இப்படித்தான்.

இனிச் செய்மதிகள். முதலாவது வேலையைச் செய்பவை ஜி.பி.எஸ் போன்ற வழிகாட்டிச் செய்மதிகள். ஜி.பி.எஸ் செய்மதிகள் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞை கிடைத்தால் விமானம் தன் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். இங்கேதான் பலருக்குக் குழப்பம். ஜி.பி.எஸ்ஸுக்கு நம் இடம் தெரியும் என்று நினைக்கிறோம். அதற்குத் தெரியாது. அது நேரத்தையும் தன் இடத்தையும் சொல்லிக்கொண்டே போகிறது. கணக்குப் போடுவது நம் கையில் உள்ள கருவி.

பருத்தித்துறையிலோ மயிலிட்டியிலோ கடலுக்குப் போகிறவர்களைக் கேட்டால் உடனே விளங்கிக்கொள்வார்கள். வள்ளத்தில் ஜி.பி.எஸ் கருவி இருக்கும். வலை போட்ட இடத்தை அதில் குறித்துக்கொள்வார்கள். நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட்டால், தான் நிற்கும் இடம் அவருக்கு மீற்றர் கணக்கில் தெரியும். கரையில் காத்திருக்கும் மனைவிக்குத் தெரியாது. இடம் தெரிவது வேறு, அது கரைக்குத் தெரிவது வேறு. அந்த இரண்டாவது பாதியை ஏ.டி.எஸ்-பி ஒலிபரப்பு செய்கிறது.

ஒலிபரப்பைக் கேட்க யாராவது வேண்டும் அல்லவா? தரையில் ஒரு சிறிய வாங்கி, அதாவது வானொலி அலையைப் பிடிக்கும் கருவி, போதும். ராடர் போலச் சுழலும் பெரிய அன்ரெனா தேவையில்லை. 1090 மெகாஹேர்ட்ஸுக்கான கால் அலை நீளம் ஏறக்குறைய 6.9 சென்ரிமீற்றர், சுட்டுவிரல் நீளத்துக்கு ஒரு செம்புக் கம்பியே அன்ரெனா ஆகிவிடும். பலாலியில் அந்த இளைஞன் பார்த்த ஃபிளைட்ராடார்24 செயலிக்குப் பெரும்பாலான தகவல் வருவதும் இப்படித்தான்: உலகெங்கும் ஆர்வலர்கள் தங்கள் வீட்டுக் கூரையில் வைத்திருக்கும் சின்ன வாங்கிகளிலிருந்து. ஆக, அன்று பாக்கு நீரிணைக்கு மேல் வந்துகொண்டிருந்த விமானத்தின் குரல் செய்மதிக்கே போகாமல், தரையிலிருந்த யாரோ ஒருவருடைய வாங்கி வழியாகப் போனுக்கு வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

நாட்டளவில் இதை முதலில் பெரிதாகச் செய்துகாட்டியது அவுஸ்திரேலியா. பாலைவனத்துக்கு நடுவே எல்லாம் ராடர் கட்ட முடியாது. சிறு வாங்கிகளை ஆங்காங்கே நட்டு, 2009 டிசம்பரில் கண்டம் முழுவதற்கும் மேலே உயரப் பறக்கும் விமானங்களைக் கண்காணிக்கத் தொடங்கிவிட்டார்கள். அதே ஆண்டில் கனடா தன் வடக்கே ஹட்சன் விரிகுடாவைச் சுற்றித் தரை நிலையங்களை வைத்தது. அதுவரை இரண்டு விமானங்களுக்கிடையே 80 கடல் மைல் இடைவெளி விடவேண்டியிருந்த இடத்தில் 5 கடல் மைல் போதும் என்றானது.

இந்த இடைவெளி விஷயம்தான் எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு பயணிகள் விமானம் மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீற்றர் வேகத்தில் போகும், அதாவது நிமிடத்துக்கு 15 கிலோமீற்றர். ராடர் எட்டாத பெருங்கடலில் விமானி குறிப்பிட்ட இடங்களைத் தாண்டும்போது மட்டும், இரைச்சலான நெடுந்தூர வானொலியில் "இங்கே நிற்கிறேன்" என்று சொல்வார். அல்லது விமானத்தின் கணினி சில நிமிடங்களுக்கு ஒரு தடவை செய்தி அனுப்பும். பத்து நிமிடம் செய்தி இல்லையென்றால் விமானம் 150 கிலோமீற்றர் போயிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவையும் தாண்டிய தூரம் அது. அந்தப் பத்து நிமிடமும் அது எங்கே என்பது கட்டுப்பாட்டாளருக்கு ஊகம்தான். ஊகத்தை நம்பி இரண்டு விமானங்களைப் பக்கத்தில் பக்கத்தில் விட முடியாது. ஆகவே பெரிய இடைவெளி விடுவார்கள். பின்னால் வருபவருக்கு நல்ல காற்று வீசும் உயரம் கிடைக்காது, எரிபொருள் வீணாகும். 8 செக்கனுக்கு ஒரு தடவை இடம் தெரிந்தால், இடைப்பட்ட நேரத்தில் விமானம் போவது 2 கிலோமீற்றர். யாழ் பஸ் ஸ்டாண்டிலிருந்து நல்லூரடிக்குப் போகும் தூரம்கூட இல்லை.

ஆனால் கடலில் தரை வாங்கியை எங்கே நடுவது? இங்கேதான் இரண்டாவது வகைச் செய்மதிகள் வருகின்றன. விமானத்தின் குரலைத் தரையில் கேட்க முடியாவிட்டால் மேலே இருந்து கேட்கலாம் என்ற யோசனை. 2013 மே மாதம் ஐரோப்பாவின் புரோபா-வி என்ற சிறிய செய்மதியில் ஒரு வாங்கியை வைத்துப் பார்த்தார்கள், கேட்டது. பிறகு எயாரியோன் என்ற நிறுவனம், இரிடியம் தொலைபேசிச் செய்மதிகளின் புதிய தலைமுறையில் இந்த வாங்கிகளை ஏற்றியது. 2017 ஜனவரி தொடங்கி 2019 ஜனவரி வரை எட்டு ரொக்கெற்றுகளில் 75 செய்மதிகள் போயின. அவற்றில் 66 வேலை செய்யும், மற்றவை மாற்றுக்கு. 780 கிலோமீற்றர் உயரத்தில், துருவம் தாண்டிச் செல்லும் ஆறு பாதைகளில், ஒரு பாதைக்குப் பதினொன்றாகச் சுற்றுகின்றன. ஒன்று கேட்டதைப் பக்கத்துச் செய்மதிக்குக் கொடுத்து, அது அடுத்ததற்குக் கொடுத்து, கை மாறிக் கை மாறித் தரைக்கு வந்துவிடும். இப்போது பெருங்கடலோ துருவமோ, கேட்காத இடமே இல்லை.

வட அத்திலாந்திக்கில் கனடாவும் பிரித்தானியாவும் 2019 வசந்த காலத்தில் இதைக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்தத் தொடங்கின. முன்னும் பின்னும் 40 கடல் மைல் விட்ட இடத்தில் 14 கடல் மைல் வரை குறைக்க முடிந்தது.

ஒரு நாடு "செய்மதி வழியாகக் கண்காணிக்கிறோம்" என்று அறிவித்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. பெரிய வேலை விமானங்களிடம்தான் இருக்கிறது. கனடாவைப் பாருங்கள். தரை நிலையங்களைக் கட்டிக்கொண்டே போகாமல், நாடு முழுவதற்கும் செய்மதி வாங்கிகளையே நம்புவது என்று முடிவெடுத்தார்கள். அப்போது ஒரு சிக்கல். சிறிய விமானங்கள் பலவற்றில் ட்ரான்ஸ்பொண்டர் அன்ரெனா வயிற்றுப் பக்கம்தான் இருந்தது, ஏனென்றால் இதுவரை கேட்டவர்கள் எல்லாம் தரையில் இருந்தவர்கள். மேலே இருக்கும் செய்மதிக்கு அந்தக் குரலை விமானத்தின் உடலே மறைத்துவிடும். ஆகவே குரல் மேல்நோக்கியும் போகும்படி அன்ரெனா வேண்டும் என்று விதி போட வேண்டியிருந்தது. அது உரிமையாளரின் பணம், பட்டறையின் நேரம். முதலில் சொன்ன திகதி தள்ளிப்போய், உயரமான வான்பரப்புக்கு 2023 ஓகஸ்ட் 10 அன்றும், அதற்குக் கீழே உள்ள பரப்புக்கு 2024 மே 16 அன்றும் விதி நடைமுறைக்கு வந்தது. இதற்குள் கட்டுப்பாட்டாளர்களின் திரைகளை மாற்ற வேண்டும், அவர்களைப் பயிற்ற வேண்டும், அன்ரெனா இல்லாத விமானம் வந்தால் என்ன செய்வது என்று எழுதி வைக்க வேண்டும்.

இலங்கை சிறிய தீவு. ஆனால் கொழும்பு பொறுப்பேற்றிருக்கும் வான்பரப்பு தீவை விடப் பல மடங்கு பெரியது. ஒரு பக்கம் சென்னையின் பரப்போடும், இன்னொரு பக்கம் மாலேயோடும், தெற்கே போகப் போக மெல்பேணோடும் எல்லை தொடுகிறது. என்னைக் கேட்டால், இப்படிப்பட்ட நாட்டுக்கு இரண்டும் தேவை. வடக்கில் விலை குறைந்த தரை வாங்கிகள் போதும். பலாலியில் வைக்கும் வாங்கி தமிழ்நாட்டுக் கரைக்கு மேலே பறப்பவற்றையும் கேட்கும், கோடியக்கரையில் வைப்பது இந்தப் பக்கம் கேட்கும். வானொலி அலைக்குக் கடல் எல்லை தெரியாது. இரு நாடுகளும் அந்தத் தகவலைப் பகிர்ந்துகொண்டால் நீரிணைக்கு மேலே ஒரு கட்டுப்பாட்டு நிலையம் அடுத்ததிடம் ஒரு விமானத்தைக் கையளிப்பது எவ்வளவோ இலகுவாகும். தெற்கே பெருங்கடலுக்குச் செய்மதியை விட்டால் வழி இல்லை. அது மாதாமாதம் காசு கட்டி வாங்கும் சேவை என்பதால், எவ்வளவு பரப்புக்கு வாங்குவது என்பதை நன்றாகக் கணக்குப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இந்த முறையின் பலவீனமும் அதன் பெயரிலேயே இருக்கிறது: விமானத்தைச் சார்ந்தது. விமானம் சொல்வதைத்தான் நாம் நம்புகிறோம். ஜி.பி.எஸ் சமிக்ஞையை யாராவது குழப்பினால் விமானம் தன் இடத்தைப் பிழையாகக் கணக்கிடும், அந்தப் பிழையையே நேர்மையாக எல்லோருக்கும் சொல்லும். போர் நடக்கும் பகுதிகளுக்கு அருகே இப்போது இது அடிக்கடி நடக்கிறது. செய்தியில் கையெழுத்தோ பூட்டோ கிடையாது. பொய்யான செய்தியை ஒலிபரப்புவதும் தொழில்நுட்ப ரீதியில் முடியும். அதனால்தான் இந்த முறைக்கு மாறிய நாடுகளும் முக்கியமான ராடர்களைக் கழற்றிவிடவில்லை.

எங்கள் பகுதிக்கென்றே இன்னொரு தொல்லையும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. இந்தியா தன் முதல் ரொக்கெற் ஏவுதளத்துக்குக் கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்தது அந்தக் கோட்டுக்காகத்தான். இந்தக் கோட்டை அண்டிய பகுதிகளில், சூரியன் மறைந்த பின் மேல்வளிமண்டலத்தின் மின்னேற்றப் படை குமிழ் குமிழாகக் கொந்தளிக்கும். ஜி.பி.எஸ் சமிக்ஞை அதனூடாக வரும்போது நட்சத்திரம் மின்னுவது போல நடுங்கும். சூரியனின் செயற்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இது அதிகம். இதற்கென்றே ஏ.டி.எஸ்-பி ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கிறது: இடத்தோடு சேர்த்து, "நான் சொல்லும் இடத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்" என்று ஓர் எண்ணையும் விமானம் அனுப்பும். எண் குறைவாக இருந்தால் கட்டுப்பாட்டுக் கணினி அந்தத் தகவலை வைத்து இடைவெளியைக் குறைக்க விடாது.

காணாமற்போன விமானங்களைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். இரண்டு சம்பவங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2009 ஜூன் 1 அன்று எயார் பிரான்ஸ் 447 அத்திலாந்திக்கில் விழுந்து 228 பேர் இறந்தார்கள். அந்த விமானம் தன் இடத்தை ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு தடவைதான் அனுப்பியது. கடைசியாக இடத்தைச் சொன்ன செய்திக்கும் விழுந்த நேரத்துக்கும் இடையே ஏறக்குறைய நான்கு நிமிடங்கள்தான், ஆனாலும் தேடவேண்டிய வட்டம் 40 கடல் மைல் ஆரமாக விரிந்தது. சிதைவு கடலடியில் கிடைத்தது 2011 ஏப்ரலில். இரண்டு ஆண்டு அந்தக் குடும்பங்கள் பட்ட பாட்டை நினைத்தால், சில செக்கனுக்கு ஒரு தடவை இடம் தெரிவதன் அருமை புரியும். 2014 மார்ச் 8 அன்று மறைந்த மலேசியன் 370 வேறு கதை. அதன் ட்ரான்ஸ்பொண்டர் பேசுவதையே நிறுத்திவிட்டது. விண் அறுந்த பட்டத்தை எவ்வளவு கூர்மையான காதாலும் கேட்க முடியாது; மேலே எத்தனை செய்மதி இருந்திருந்தாலும் அது மௌனமான பிறகு உதவியிருக்காது, மௌனமான இடத்தை மட்டும் சரியாகக் காட்டியிருக்கும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, பெரிய பயணிகள் விமானங்களின் இடம் பெருங்கடலில் குறைந்தது 15 நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுவனத்துக்குத் தெரிய வேண்டும் என்ற சர்வதேச விதி 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. விமானம் ஆபத்தில் இருந்தால், மீட்புப் பணியாளர் கேட்டதும் எயாரியோன் செய்மதிகள் கேட்ட கடைசி இடத்தை இலவசமாகக் கொடுக்கும் சேவையும் அயர்லாந்திலிருந்து இயங்குகிறது.

அடுத்த தடவை யாரையாவது கூட்டிவரப் போகும்போது, காத்திருக்கும் நேரத்தில் ஒன்று செய்து பாருங்கள். சென்னையிலிருந்து வரும் விமானத்தைத் தொட்டுப் பார்த்தபின், வரைபடத்தைத் தெற்கே நகர்த்தி, கொழும்பிலிருந்து மெல்பேணுக்குப் போகும் விமானத்தைத் தேடுங்கள். தரையை விட்டு வெகுதூரம் போனதும் அதன் நிறம் நீலமாக மாறியிருந்தால், அதன் குரலை மேலே ஒரு செய்மதி கேட்டுக்கொண்டிருக்கிறது. இடம் கணிப்பு என்று போட்டிருந்தால், அந்த நேரத்தில் அது சொல்வது உங்கள் செயலிக்கு வந்து சேரவில்லை. பக்கத்தில் நிற்கும் பெரியவர் எட்டிப் பார்த்தால் அவருக்கும் காட்டுங்கள்.